இளஞ்சிவப்பு ஒயரைக் கவனியுங்கள்

கேள்வி: என் 1967 ஃபோர்டு மஸ்டாங் வி8 காரில் காண்டாக்ட் பாயின்ட்டை (காயிலுக்கான மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் சுவிட்ச்) நீக்கி எலெக்ட்ரானிக் இக்னிஷன் பொருத்திய பின், எஞ்சின் சூடானதும் மிஸ்ஃபயர் ஆகிறது. காரணம் என்ன?

பதில்: இக்னிஷன் சுவிட்சிலிருந்து, ஸ்பார்க் பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயிலுக்குச் செல்லும் இளஞ்சிவப்பு ஒயர் சாதாரண ஒயரன்று, பாயின்ட் முனைகள் கருகிப்போகாதிருக்க மின்னழுத்தத்தைக் குறைத்து அனுப்பும் மின்தடை ஒயர் அது. பாயின்ட்டுக்குப் பதில் வந்த எலெக்ட்ரானிக் மாட்யூலின் மின் இணைப்பை அந்த ஒயரைத் தாண்டி, காயிலருகே கொடுத்திருந்தால், முழு 12 வோல்ட் கிடைக்காமல் மாட்யூல் தடுமாறும். எஞ்சின் ஓடும்போதே மாட்யூலுக்கு மின் இணைப்பு கொடுத்த இடத்தில் மல்ட்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். 12க்குக் கீழே காட்டினால், சுவிட்ச் பக்கமிருந்து மாட்யூலுக்குத் தனி ஒயர் இழுப்பதே சரியான வழி. அதன்பின், வேக்குவம் அட்வான்ஸ் (எஞ்சின் உறிஞ்சு விசையால் தீப்பொறியை முன்கூட்டும் அமைப்பு) குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, டைமிங் லைட் கொண்டு டைமிங்கை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தை, மறுபடி அமைப்பது அவசியம். எஞ்சின் ஓடாதபோது சாவியை ஆன் நிலையில் விடாதீர்கள்; காயில் சூடேறிக் கெடும். கழற்றிய பாயின்ட்டையும் கண்டென்சரையும் தயவுசெய்து காரிலேயே பத்திரப்படுத்துங்கள்; நடுவழியில் மாட்யூல் செயலிழந்தால் அவைதாம் கைகொடுக்கும்.