தறிக் கேள்வி – பதில்: நிற்கத் தெரியாத தறி எதற்கு?

கேள்வி: ஐயா, எங்கள் விசைத்தறி ஓடிக்கொண்டிருக்கும்போதே 'டமார்' என்று அடித்து நின்றுவிடுகிறது. தறியை நிறுத்தும் ஸ்டாப் ராடு என்ற தண்டைக் கம்பி போட்டுத் தூக்கிக் கட்டிவிட்டால் இந்தத் தொல்லை இருக்காது என்கிறார் பக்கத்துத் தறிக்காரர். கட்டலாமா?

கட்டாதீர்கள். கட்டினால் டமார் நின்றுவிடும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஏதோ ஒரு நேரம், குறுக்கிழையான ஊடையைச் சுமந்து ஓடும் நாடா, நீளவாக்கு இழைகளான பாவுக்கு நடுவில் மாட்டிக்கொள்ளும். அப்போது ஸ்லே, அதாவது ஊடையை அடித்துச் சேர்க்க முன்னும் பின்னும் ஆடும் சட்டம், அந்த நாடாவையும் சேர்த்துக் கொண்டுபோய், நெய்து வரும் துணியின் முகத்தில் அடிக்கும். நூற்றுக்கணக்கான பாவு இழைகள் ஒரே அடியில் அறும், ஸ்லேயில் சீப்பு போலிருக்கும் அச்சின் பற்கள் வளையும், நாடா வெளியே பறந்து ஆள்மேல் பட்டாலும் படும். பிறகு இழை இழையாகப் பிணைக்க உட்கார வேண்டியது நீங்கள்தான், யோசனை சொன்னவர் அல்ல.

டமார் ஏன் வருகிறது? நாடா ஓரத்துப் பெட்டிக்குள் சரியாக வந்து சேர்ந்தால், பெட்டிச் சுவரில் இருக்கும் ஸ்வெல் என்ற வளைந்த கட்டையை வெளிப்பக்கம் தள்ளும். ஸ்வெல் தள்ளுவதால் ஸ்டாப் ராடு கொஞ்சம் திரும்பி, அதன் நாக்கு மேலே எழும்பும். ஸ்லே முன்னால் வரும்போது நாக்கு, தறிச் சட்டத்தில் இருக்கும் ஃபிராக் என்ற இரும்புத் தடுப்பைத் தாண்டிப் போய்விடும். நாடா வந்து சேரவில்லை என்றால் நாக்கு தாழ்ந்தே இருக்கும், நேராக ஃபிராக்கில் முட்டும். நீங்கள் கேட்கிற சத்தம் அதுதான். முட்டிய வேகத்தில் ஃபிராக் சற்று நகர்ந்து, தறியை ஓட்டி நிறுத்தும் ஹேண்டிலைத் தட்டிவிட, பெல்ட் விலகும், பிரேக் விழும். ஆக, அந்தச் சத்தம் கோளாறு அல்ல. கோளாறு வேறு எங்கோ இருக்கிறது, சத்தம் அதைச் சொல்கிறது.

எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. தறி நின்றவுடன் ஹேண்டிலைத் தொடாமல், நாடா எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது என்று பாருங்கள். ஒவ்வொரு தடவையும் பார்த்துச் சுண்ணக்கட்டியால் தறியிலேயே ஒரு கோடு போட்டு வையுங்கள். எப்போதும் வலப்பக்கம் போகும்போதுதான் நிற்கிறது என்றால், இடப்பக்கத்து அடி பலமில்லை, அல்லது வலப்பக்கத்துப் பெட்டி சரியில்லை. நாடாவை அடிக்கும் பிக்கர் தேய்ந்திருக்கும், பிக்கரை வீசும் கோலான பிக்கிங் ஸ்டிக்கின் பட்டை தளர்ந்திருக்கும், இல்லாவிட்டால் ஸ்வெல் ஸ்பிரிங் தளர்ந்து, வந்த நாடா முட்டித் திரும்பித் துள்ளும். இடம், வலம் என்று மாறி மாறி நிற்கிறதா? அப்படியானால் பெட்டியை விட்டுவிடுங்கள். இரண்டு பக்கத்துக்கும் பொதுவானதைப் பாருங்கள்: பெல்ட், வேகம், பாவு திறந்து மூடும் நேரம், நாடாவே தேய்ந்திருப்பது. என் அனுபவத்தில் மாறி மாறி நிற்கும் தறிகளில் பெரும்பாலும் பெல்ட்தான் குற்றவாளி. ஆனால் மனிதர்கள் அதைக் கடைசியாகத்தான் பார்ப்பார்கள்.

பெல்ட்டுக்கும் நாடாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நிமிடத்துக்கு 180 தடவை ஊடை அடித்து ஓடும் தறியில் ஒரு சுற்றுக்கு ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்குதான் நேரம். அதிலும் நாடா பாவுக்குள் கடக்கக் கிடைப்பது ஒரு நொடியில் சுமார் எட்டில் ஒரு பங்கு. நாடாவை அடிக்கும் அந்தக் கணத்தில் தறி கூடுதல் பலம் கேட்கும். பெல்ட் அங்கே வழுக்கினால் அடி மெலியும், நாடா பிந்தும், நாக்கு முட்டும்.

இன்னொன்று. எல்லாத் தறியிலும் இந்த டமார் இருக்காது. மெல்லிய துணி நெய்யும் சில தறிகளில் அச்சின் அடிப்பக்கம் ஸ்பிரிங்கால் மட்டும் பிடிக்கப்பட்டிருக்கும். நாடா மாட்டினால் அச்சே பின்வாங்கி வழிவிட்டு ஹேண்டிலைத் தட்டும். சத்தமும் குறைவு, உடைசலும் குறைவு. கனத்த துணிக்கு அது ஆகாது. ஊடையை இறுக்கி அடிக்க அச்சு அசையாமல் நிற்க வேண்டுமே.

கேள்வி: சரி, பெல்ட் வழுக்குகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? வழுக்கினால் ரோசின் என்ற பிசின் பொடி தூவலாமா?

மோட்டார் புல்லியை நிறுத்திய பிறகு தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் வழுக்குகிறது. பெல்ட்டின் உள்பக்கம் கண்ணாடி மாதிரி பளபளத்தாலும் அதே பொருள்.

கணக்காகவும் பார்க்கலாம். மோட்டார் நிமிடத்துக்கு 960 சுற்று, அதன் புல்லி 75 மில்லிமீட்டர், தறியின் புல்லி 400 மில்லிமீட்டர் என்றால், 960-ஐ 75-ஆல் பெருக்கி 400-ஆல் வகுங்கள். 180 வரும். தட்டையான பெல்ட்டில் 2, 3 சதவீதம் வழுக்கல் இயல்பு, ஆகவே 175 வாக்கில் ஓடினால் நல்ல பெல்ட். 165-க்குக் கீழே இறங்கினால் எங்கோ நழுவுகிறது. ஸ்லேயை ஆட்டும் கிராங்க் ஒரு சுற்றுச் சுற்றினால் ஊடை ஓர் அடி. ஆகவே அடி எண்ணும் கவுன்டர் இருந்தால் ஒரு நிமிடம் ஓடவிட்டுப் பார்த்தாலே போதும்.

ரோசின் வேண்டாம். தூவிய உடனே பிடிக்கும், நம்பிக்கை வரும். அப்புறம் அது பெல்ட்டில் இறுகித் தூசியையும் பஞ்சையும் சேர்த்துப் பொருக்காகிவிடும், தோல் வெடிக்கும். தோல் பெல்ட்டாக இருந்தால் துடைத்து, அதற்கென்று உள்ள மெழுகை லேசாகத் தடவுங்கள். தோலின் வழவழப்பான பக்கம்தான் புல்லியைத் தொட வேண்டும். நிறையப் பேர் சொரசொரப்பான பக்கம் நன்றாகப் பிடிக்கும் என்று திருப்பிப் போட்டுவிடுகிறார்கள். பார்க்க அப்படித்தான் தோன்றும், ஆனால் வழவழப்பான பக்கம்தான் புல்லியோடு முழுக்கப் படியும்.

வி-பெல்ட் என்றால் அது புல்லிப் பள்ளத்தின் அடியைத் தொடக் கூடாது. இரண்டு பக்கச் சுவர்களில் இறுகிப் பிடிப்பதுதான் அதன் வேலை. அடியில் போய் உட்கார்ந்துவிட்டது என்றால் பெல்ட் தேய்ந்துவிட்டது, அல்லது பள்ளம் தேய்ந்துவிட்டது. இழுத்துக் கட்டிப் பயனில்லை, மாற்றுங்கள்.

அளவுக்கு மீறி இழுத்துக் கட்டுவதும் தப்புதான். கிராங்க் ஷாஃப்டைத் தாங்கும் உலோக வளையமான புஷ் ஒரு பக்கமாகத் தேய்ந்து முட்டை வடிவம் ஆகிவிடும். பிறகு ஸ்லே ஆடும் ஆட்டத்தில் துணியில் வரும் கோடுகளுக்கு யார் யாரையோ குற்றம் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

கேள்வி: எங்களிடம் உள்ள பழைய தறியில் ஒரே ஷாஃப்டில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு புல்லிகள் இருக்கின்றன. ஒன்று சும்மா சுற்றுகிறது. அது எதற்கு? எடுத்துவிடலாமா?

எடுத்துவிட்டால் தறியை நிறுத்த வழியிருக்காது! சும்மா சுற்றுவதுதான் அதன் வேலை. ஒரே நீராவி இயந்திரம், கூரையோரம் ஒரு நீண்ட ஷாஃப்ட், அதிலிருந்து வரிசையாகத் தறிகளுக்குப் பெல்ட் என்று ஓடிய காலத்து ஏற்பாடு அது. ஒரு தறி நிற்க வேண்டும் என்பதற்காக இயந்திரத்தை நிறுத்த முடியாதே. அதனால் ஷாஃப்டோடு இறுகிய ஃபாஸ்ட் புல்லி ஒன்று, ஷாஃப்ட் மேல் தனியாகச் சுற்றும் லூஸ் புல்லி ஒன்று. ஹேண்டிலை இழுத்தால் ஃபோர்க் என்ற கவை பெல்ட்டை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தள்ளும்.

இதில் இரண்டு விஷயம் பாருங்கள். ஃபோர்க், பெல்ட் புல்லிக்குள் நுழையும் பக்கத்தில் இருக்க வேண்டும். புல்லியை விட்டு வெளியேறும் பக்கத்தில் எவ்வளவு தள்ளினாலும் பெல்ட் இடம் மாறாது. யாரோ பழுது பார்த்துவிட்டு மோட்டாரை எதிர்த்திசையில் சுற்ற விட்டால் இந்தக் கோளாறு வரும். ஹேண்டில் விழும், பெல்ட் அசையாது.

இரண்டாவது, லூஸ் புல்லியின் புஷ்ஷுக்கு எண்ணெய். தறி ஓடும்போது பாரம் அதன் மேல் இல்லை என்பதால் யாரும் அதைக் கவனிப்பதில்லை. எண்ணெய் வற்றினால் புஷ் ஷாஃப்டைக் கவ்வும். ஹேண்டில் 'நிறுத்து' பக்கம் இருக்கும், தறி தானாக ஓடும். இழை எடுக்க உள்ளே கை விட்டிருக்கும் நேரத்தில் இது நடந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கையை உள்ளே விடும் முன் மோட்டாரையே நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: ஊடை அறுந்த பிறகும் தறி நிற்காமல் ஓடுகிறது. இன்னொரு தறியில் ஊடை இருக்கும்போதே நின்றுவிடுகிறது. இரண்டுக்கும் ஒரே மருந்தா?

இடம் ஒன்று, மருந்து எதிரெதிர். ஹேண்டில் பக்கத்துக் கரையை ஒட்டி வெஃப்ட் ஃபோர்க் என்று மூன்று முள் வைத்த சிறு கரண்டி இருக்கும். அதற்கு எதிரே ஸ்லேயில் கம்பித் தட்டி. ஸ்லே முன்னால் வரும்போது இடையில் ஊடை இழை இருந்தால் அது முள்ளைத் தள்ளும், கரண்டியின் வால் தூக்கிக்கொள்ளும், பின்னால் காத்திருக்கும் சுத்தியின் கொக்கிக்கு அது அகப்படாது. இழை இல்லை என்றால் முள் தட்டிக்குள் தடையில்லாமல் நுழையும், வால் தாழ்ந்தே இருந்து கொக்கியில் மாட்டும், கொக்கி இழுத்து ஹேண்டிலைத் தட்டிவிடும்.

நிற்காத தறியில் முள் வளைந்து தட்டிக் கம்பியில் இடிக்கிறது, அல்லது தட்டிக்குள் பஞ்சு அடைத்திருக்கிறது. இழை செய்ய வேண்டிய வேலையைக் கம்பியோ பஞ்சோ செய்துவிடுகிறது. சும்மா நிற்கும் தறியில் ஊடை தொளதொளவென்று வருகிறது, முள்ளைத் தள்ளும் விறைப்பு அதற்கு இல்லை. நாடாவின் கண்ணில் இழை இழுவையைக் கொஞ்சம் கூட்டுங்கள். நூல் மிக மெல்லியது என்றால் இலேசான ஃபோர்க்காகப் போடுங்கள். சரியாகிவிட்டதா என்று பார்க்க, தார் (ஊடை நூல் சுற்றிய குச்சி) இல்லாத வெறும் நாடாவைப் போட்டு ஓட்டுங்கள். நின்றால் சரி.

ஆனால் ஒன்றை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். ஓரத்து ஃபோர்க் இரண்டு அடிக்கு ஒரு தடவைதான் சோதிக்கும். எதிர்ப்பக்கம் போகும்போது அறுந்தால் திரும்பி வரும்வரை அதற்குத் தெரியாது. ஒவ்வோர் அடியும் சோதிக்க வேண்டுமென்றால் நடுவில் வைக்கும் ஃபோர்க் வேண்டும்.

இத்தனை சின்னக் கரண்டிதான் நெசவின் கணக்கையே மாற்றியது என்பது என் கட்சி. எட்மண்ட் கார்ட்ரைட் என்ற பாதிரியார் 1785-ல் விசைத்தறிக்குக் காப்புரிமை வாங்கினார், புகழெல்லாம் அவருக்கு. ஆனால் அறுந்த இழையைத் தேடி ஒரு தறியையே முறைத்துக்கொண்டு ஓர் ஆள் நிற்க வேண்டுமென்றால் அதில் பெரிய லாபம் இல்லை. 1840-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பிளாக்பர்னில் கென்வொர்த்தியும் புல்லஃபும் உருவாக்கிய லங்காஷயர் தறியில் ஊடை அறுந்தால் தானாக நிற்கும் ஏற்பாடு இருந்தது. ஒருவர் பல தறிகளைப் பார்க்க முடிந்தது அதனால்தான். ஜப்பானில் டொயோடா சகிச்சி 1924-ல் முடித்த ஜி வகைத் தானியங்கித் தறியும் பாவோ ஊடையோ அறுந்தால் தானே நிற்கும். அவர் குடும்பம் பிறகு கார் செய்யப் போனது, தவறு தெரிந்தால் இயந்திரம் தானே நிற்க வேண்டும் என்ற அந்த வழக்கத்தையும் அந்தத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோனது.

கேள்வி: தறி நின்று மறுபடி ஓட்டும் இடத்திலெல்லாம் துணியில் ஒரு கோடு விழுகிறது. பிரேக்கை எவ்வளவு இறுக்கினாலும் போகவில்லை.

இறுக்கியதால்தான் போகவில்லையோ என்னவோ. பெல்ட் முழுக்க விலகும் முன்பே பிரேக் பிடித்தால், சைக்கிளை மிதித்துக்கொண்டே பிரேக் அழுத்துகிற கதைதான். பிரேக் தோல் கருகும், பெல்ட் தேயும், தறி நிற்கும் இடமும் ஒவ்வொரு தடவையும் மாறும். பெல்ட் முதலில் விட வேண்டும், உடனே அடுத்து பிரேக் பிடிக்க வேண்டும். மோட்டாரை நிறுத்தி வைத்து, ஹேண்டிலைக் கையால் மெதுவாகத் தள்ளி இந்த வரிசையைக் கண்ணால் பார்த்து இணைப்புக் கம்பியைச் சரிசெய்யுங்கள். ஓட்டும்போது பிரேக் முழுக்க விலகுகிறதா என்றும் பாருங்கள், தோலில் எண்ணெய் பட்டிருந்தால் அதை மாற்றுங்கள்.

மறுபடி ஓட்டுவதில்தான் பாதி கோடு விழுகிறது. ஸ்லே துணிக்குப் பக்கத்தில் நிற்கும்போது ஹேண்டிலை இழுத்தால் வேகம் எடுக்கும் முன்பே முதல் அடி விழும், அது மெலிந்த அடி. ஸ்லேயைக் கையால் பின்னால் தள்ளி வைத்துவிட்டு, ஹேண்டிலை ஒரே இழுப்பாக இழுங்கள். பயந்து பயந்து பாதி இழுத்தால் பெல்ட் வழுக்கிக்கொண்டே கிளம்பும், அங்கேயும் கோடுதான். ஊடை இல்லாமல் ஓடிய அடிகளுக்குத் துணியைச் சரியாகப் பின்வாங்க விட்டீர்களா என்பது வேறு கேள்வி, அதையும் பாருங்கள்.

கேள்வி: பாவு இழை அறுந்தால் நிற்க டிராப் வயர் போடலாம் என்கிறார்கள். மின்சார வகை நல்லதா, மெக்கானிக்கல் வகையா?

எதுவானாலும் போடுங்கள். இழைக்கு ஒன்றாகத் தொங்கும் மெல்லிய தகடு, இழை அறுந்தால் கீழே விழும். மெக்கானிக்கல் வகையில் அது ஆடிக்கொண்டிருக்கும் பல்பட்டையைத் தடுத்து நிறுத்தும், மின்சார வகையில் குறைந்த மின்னழுத்தச் சுற்றை இணைத்து நிறுத்தும். மின்சார வகை வேகமானது. ஆனால் தொடும் பட்டையில் பஞ்சும் கஞ்சித் தூளும் படிந்தால் தகடு விழுந்தும் சுற்று இணையாது, தறி பாட்டுக்கு ஓடும். பாவு மாற்றும்போதெல்லாம் பட்டையைத் துடைக்கிற பொறுமை இருந்தால் மின்சாரம், இல்லையென்றால் மெக்கானிக்கல். எந்த வகையானாலும் வாரத்துக்கு ஒரு தடவை ஓர் இழையை நீங்களே வெட்டிவிட்டு, நிற்கிறதா என்று பாருங்கள்.