காலையில் மடங்காத முழங்கால்: மலை வேலைக்குப் போகிறவர்கள் என்ன செய்யலாம்?

கேள்வி: எனக்கு வயது 49. கம்பத்திலிருந்து தினமும் ஜீப்பில் வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறேன். 20 வருடமாக இதே வேலை. காலையில் எழுந்தால் முழங்கால் மடங்காது, இடுப்பு விறைத்துக்கொள்ளும். கால் மணி நேரம் நடமாடினால் விட்டுவிடும். ஜீப்பை விட்டு இறங்கும்போது மறுபடி பிடிக்கும். சாயங்காலம் முட்டி வலி அதிகம். விரல்களும் பிடித்தாற்போல் இருக்கின்றன. மெடிக்கலில் பொட்டலம் கட்டித் தரும் நாலு மாத்திரையைப் போட்டால் அன்றைய வேலை ஓடுகிறது. கொட்டஞ்சுக்காதி தைலமும் தேய்க்கிறேன். இது வாதமா? வேலையை விடச் சொல்லாதீர்கள், முடியாது.

பதில்: வேலையை விடச் சொல்லப் போவதில்லை. உங்கள் முழங்காலுக்கு முழு ஓய்வும் மருந்தாகாது.

நீங்கள் எழுதியதில் முக்கியமானது அந்தக் கால் மணி நேரக் கணக்கு. எழுந்த பிறகு விறைப்பு அரை மணிக்குள் விடுவது, உட்கார்ந்து எழுந்தால் மறுபடி பிடிப்பது, பொழுது ஏற ஏற வலி கூடுவது, இவை மூன்றும் சேர்ந்தால் பெரும்பாலும் மூட்டுத் தேய்மானம். விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்று, நடமாடக் குறைந்து, ஓய்வில் கூடினால் முடக்குவாதம் போன்ற, மூட்டை உள்ளுக்குள் வீங்கவைக்கும் அழற்சி நோயாக இருக்கலாம். அதைச் சீக்கிரம் மருந்தால் அடக்காவிட்டால் மூட்டை அரித்துக் கோணலாக்கிவிடும். தேய்மானத்துக்கு முதல் வைத்தியம் தசையை வலுவாக்குவது.

விரல்களை நீங்களே சோதிக்கலாம். கைகுலுக்குவதுபோல் ஒருவரைக் கையைப் பிடிக்கச் சொல்லி, விரல்கள் உள்ளங்கையோடு சேரும் முட்டிகளைப் பக்கவாட்டில் லேசாக அழுத்தச் சொல்லுங்கள். சுரீரென்று வலித்தால், அல்லது அந்த முட்டிகளும் மணிக்கட்டும் இரு கையிலும் வீங்கியிருந்தால், முடக்குவாதத்தைச் சந்தேகிக்க வேண்டும். நகத்தை ஒட்டிய கணுக்களிலும் கட்டைவிரல் அடியிலும் மட்டும் வலி என்றால் பெரும்பாலும் தேய்மானம். நாள் முழுக்கக் காயைக் கிள்ளும் கைக்குக் கட்டைவிரல் அடிமூட்டு தேய்வது சகஜம்.

சந்தேகம் இருந்தால் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்ட்டி சி.சி.பி. என்ற ரத்தப் பரிசோதனைகள் தேவைப்படும்; முதல் இரண்டும் அழற்சியைக் காட்டும், மற்ற இரண்டும் முடக்குவாதத்துக்கானவை. ஆர்.ஏ. ஃபேக்டர் பாசிட்டிவ் என்று வந்ததுமே பயப்பட வேண்டாம். நோய் இல்லாதவர்களுக்கும் அது வரும். தைராய்டும் சர்க்கரையும் பாருங்கள். தைராய்டு குறைந்தால் தசை விறைக்கும், சர்க்கரை இருந்தால் விரலும் தோளும் இறுகும். கடந்த சில மாதங்களில் மூட்டு வலியோடு காய்ச்சல் வந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். சிக்குன்குனியா விட்டுப்போகும் மூட்டு வலி மாதக்கணக்கில் நீடிக்கும்.

இனி உங்கள் நாளைப் பார்ப்போம். விழித்ததும் எழுந்து நிற்காதீர்கள். படுத்தபடியே குதிகாலைப் படுக்கையில் இழுத்து முழங்காலை மடக்கி நீட்டுங்கள், காலுக்கு 10 தடவை. பிறகு சுருட்டிய துண்டை முழங்காலுக்கு அடியில் வைத்து, அதைக் கீழே அமுக்கி 5 எண்ணி விடுங்கள், இதுவும் 10 தடவை. இடுப்புக்கு, இரண்டு முழங்காலையும் மடக்கிச் சேர்த்து இடமும் வலமும் மெதுவாகச் சாயுங்கள். ஐந்து நிமிடம்தான் ஆகும். விரல்களை வெதுவெதுப்பான தண்ணீருக்குள் வைத்து மடக்கி விரியுங்கள்.

ஜீப்பில் நெருக்கி உட்காரும்போது முழங்கால் மடங்கியே இருக்கும். அசையாத மூட்டு இறுகும். பாதத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே போங்கள். இறங்கும் இடம் நெருங்கும்போது காலை முடிந்தவரை நீட்டி மடக்கத் தொடங்குங்கள். பின்பக்கத்திலிருந்து குதிக்க வேண்டாம். கம்பியைப் பிடித்து, வண்டியைப் பார்த்தபடி பின்னோக்கி இறங்குங்கள். வலிக்கும் கால் முதலில் கீழே வரட்டும். தோட்டத்துச் சரிவுக்கும் இதே கணக்கு: இறங்கும்போது வலிக்கும் கால் முதலில், ஏறும்போது நல்ல கால் முதலில். ஊன்றுகோலை வலிக்கும் காலுக்கு எதிர்க்கையில் பிடியுங்கள். வலிக்கும் பக்கமே பிடித்தால் பாரம் குறையாது. பலரும் இதைத்தான் தலைகீழாகச் செய்கிறார்கள்.

ஏலத்தில் காய் பிடிக்கும் சரம் செடியின் அடியில் தரையோடு கிடக்கும். அதனால்தான் இந்த வேலை முட்டியைப் பிடிக்கிறது. முழுக்கக் குந்தும்போது முட்டிச் சில்லு தொடை எலும்போடு அழுந்தும், குந்திய நிலையிலேயே நகர்ந்தால் இன்னும் மோசம். முக்கால் அடி உயரத்தில் ஒரு சின்னப் பலகையோ பிளாஸ்டிக் ஸ்டூலோ கொண்டுபோங்கள். கயிற்றில் கட்டி இடுப்பில் மாட்டிக்கொண்டால் செடிக்குச் செடி தூக்கிப்போவது சிரமமாக இருக்காது. சரிவில் அது நிற்காத இடத்தில், வலி குறைந்த முட்டியை மடித்த சாக்கின் மேல் ஊன்றி, மற்றக் காலைப் பாதம் பதித்து வையுங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து இடுப்பில் கை வைத்துப் பின்னால் வளையுங்கள். கங்காணி முறைத்தால், செடி மாறும் நேரத்தில் செய்யுங்கள். மூட்டையை ஒரே தடவையில் சுமக்காமல் இரண்டாகப் பிரித்துச் சுமப்பது நல்லது. மலைக் குளிர் மூட்டைத் தேய்க்காது, தசையைத்தான் இறுக்கும். முட்டியை மூடும்படி எதையாவது அணிந்தால் போதும். இலாஸ்டிக் முட்டி உறையை இரவில் கழற்றிவிடுங்கள்.

பொட்டல மாத்திரைக்கு வருகிறேன். அதில் பெரும்பாலும் ஒரு வலி மாத்திரை, ஒரு பாராசிட்டமால், ஒரு அல்சர் மாத்திரை இருக்கும். கூடவே ஒரு குட்டி மாத்திரை இருந்தால் அது ஸ்டீராய்டா என்று கேளுங்கள். ஸ்டீராய்டு அன்றைக்கு அற்புதமாக வேலை செய்யும். மாதக்கணக்கில் போட்டால் முகம் ஊதும், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறும், எலும்பு மெலியும். மூன்று வாரத்துக்கு மேல் தினமும் சாப்பிட்டிருந்தால் பட்டென்று நிறுத்தவும் கூடாது, மயங்கி விழ நேரலாம். மருத்துவரைப் பார்த்துப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். போகும்போது அந்தப் பொட்டலத்தையும் எடுத்துப்போங்கள்.

இன்னொன்று, மலையில் கழிப்பறை இல்லை என்று உங்களில் பலர் தண்ணீரே குடிப்பதில்லை. உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளைத் தினமும் போட்டால் அடி சிறுநீரகத்துக்கு. வீங்கிய நாளில், சாப்பாட்டுக்குப் பிறகு, மருத்துவர் சொன்ன சில நாட்களுக்கு மட்டும் போடுங்கள். அசிக்ளோஃபினாக் மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமாலும் 325 மி.கி. சேர்ந்தே இருக்கும், மேலே பாராசிட்டமால் 650 மி.கி. மாத்திரை ஒன்றையும் போட்டால் அளவு கூடிவிடும். பாராசிட்டமால் தனியாக என்றால் 650 மி.கி., ஆறு மணி நேர இடைவெளியில், நாளைக்கு மூன்று வரை.

முட்டிக்கு முதலில் பரிந்துரைப்பது டைக்ளோஃபினாக் ஜெல்தான். ஆனால் ஆளாளுக்குப் பொட்டுப்போல் தடவுகிறார்கள். விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம். ஒரு முட்டிக்கு அப்படி நாலு கோடு, நாளைக்கு மூன்று வேளை. அப்படிப் போட்டால் 30 கிராம் டியூப் ஒரு முட்டிக்கு ஐந்து நாள்தான் வரும். ஒரு மாதம் வந்தால் மருந்து போதவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் போட்டும் பலன் இல்லையென்றால் நிறுத்திவிடலாம்.

தைலம் தேய்ப்பதில் தவறில்லை, வேலை முடிந்து வந்த பிறகு தேயுங்கள். சூடாகச் சிவந்து வீங்கிய மூட்டில் அழுத்தித் தேய்க்கக் கூடாது. ஜெல் போட்ட இடத்தில் தைலமும் ஒத்தடமும் வேண்டாம். உள்ளங்காலில் எண்ணெய் இருந்தால் ஈரச் சரிவில் வழுக்கிவிடும், சோப்பு போட்டுக் கழுவுங்கள். வெந்நீர் ஒத்தடம் கால் மணி நேரம் போதும். சர்க்கரையால் பாதம் மரத்தவர்கள் சூட்டை முழங்கையால் பார்த்த பிறகே வைக்க வேண்டும்.

மாலையில் நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து உட்காருங்கள். 8 தடவை, சற்று ஓய்ந்து இன்னொரு 8. முடியாவிட்டால் நாற்காலியில் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். செய்யும்போது கொஞ்சம் வலித்தால் பரவாயில்லை. இரண்டு மணி நேரம் கழித்தும் வலி இறங்காவிட்டால், அல்லது மறுநாள் காலை கூடியிருந்தால், எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். தொடைத்தசை தேற ஆறேழு வாரமாவது ஆகும்; பத்து நாளில் பலன் இல்லை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவமும் உண்டு, உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

உருளைக்கிழங்கும் பருப்பும் வாயு என்று ஒதுக்க வேண்டாம், மூட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. எடை கூடுதலாக இருந்தால் குறைப்பது பெரிய உதவி. ஒரு கிலோ குறைந்தால், நடக்கும் ஒவ்வோர் அடியிலும் முட்டிக்குச் சுமார் 4 கிலோ பாரம் குறையும்.

ஒரே மூட்டு திடீரென வீங்கிச் சூடாகிக் காய்ச்சலும் வந்தால், இடுப்பு வலியோடு கால் மரத்துச் சிறுநீர் கட்டுப்பாடு தவறினால், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள், க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே நேராகப் போகலாம். கெண்டைக்கால் தொட முடியாமல் வலித்து, காய்ச்சலும் கண் சிவப்பும் இருந்தால் அது மூட்டுப் பிரச்சினை அல்ல, எலிக்காய்ச்சலாக இருக்கலாம். வலி மாத்திரை போட்டுக்கொண்டு மலையேறாமல் மருத்துவரைப் பாருங்கள், ஈரத் தோட்டத்தில் வேலை செய்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லுங்கள்.