3டி பிரிண்ட் மாதிரி நன்றாக வேலை செய்கிறது; அதை அப்படியே மோல்டு போடக் கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். உங்கள் யோசனை சரி என்பதைத்தான் அந்த மாதிரி காட்டுகிறது. உருகிய பிளாஸ்டிக் எஃகு மோல்டுக்குள் பாய்ந்து, ஆறி, எங்கும் பிடித்துக்கொள்ளாமல் வெளியே வருமா என்பது வேறு கேள்வி. கையடக்கக் கருவி, இரண்டு பாதிகளாக ஏபிஎஸ் (ஒரு வகைக் கடினப் பிளாஸ்டிக்) உறை, உள்ளே ஒரு சர்க்யூட் போர்டு, முதல் தவணை 5,000 பீஸ் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வைத்தே சொல்கிறேன்.

முதலில் சுவரின் தடிமனைப் பாருங்கள். பிரிண்டரில் 6 மி.மீ. கட்டியாக அடித்தாலும் வந்துவிடும். இஞ்செக்‌ஷன் மோல்டிங்கில் (உருகிய பிளாஸ்டிக்கை அழுத்தி மோல்டுக்குள் செலுத்தும் முறை) ஆறும் நேரம் ஏறக்குறைய தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடும்: 2 மி.மீ. சுவரை 4 மி.மீ. ஆக்கினால் ஆற நான்கு மடங்கு நேரம் பிடிக்கும், பீஸ் விலையும் கூடவே ஏறும். அதோடு தடித்த இடம் கடைசியாக ஆறிச் சுருங்குவதால் வெளிமுகத்தில் பள்ளம் விழும் (சிங்க் மார்க்). ஏபிஎஸ் உறைக்கு 2 முதல் 2.5 மி.மீ. ஒரே சீராக இருந்தால் போதும். பலம் வேண்டிய இடத்தில் சுவரைத் தடிப்பாக்க வேண்டாம், ரிப் (மெல்லிய முட்டுச் சுவர்) கொடுங்கள். ரிப்பின் அடி சுவரில் 50-60 சதவீதம், அதாவது 2.5 மி.மீ. சுவருக்கு 1.25 முதல் 1.5 மி.மீ.; உயரம் சுவர்த் தடிமனின் மூன்று மடங்குக்குள். திருகு ஏறும் குழல் போன்ற தூணான பாஸைச் சுவரோடு ஒட்டி வைத்தால் அங்கே கட்டி சேர்ந்துவிடும். சற்றுத் தள்ளி நிறுத்தி ஒரு ரிப்பால் இணையுங்கள். உள்மூலைகளைக் கூராக விடாமல், சுவர்த் தடிமனில் பாதியளவாவது வளைவு கொடுங்கள். கீழே விழும்போது விரிசல் தொடங்குவது அங்கேதான்.

அடுத்தது டிராஃப்ட், மோல்டிலிருந்து பீஸ் கழன்று வருவதற்கான சரிவு. வழுவழுப்பான முகத்துக்குக் குறைந்தது 1 டிகிரி. 50 மி.மீ. ஆழமுள்ள சுவரில் அந்த 1 டிகிரி, ஒரு பக்கத்தில் மட்டும் 0.87 மி.மீ. தின்றுவிடும். உறையின் வாய்ப்பகுதியில் பொருந்திய போர்டு அடியில் இடிப்பதற்கு இதுதான் வழக்கமான காரணம். சொரசொரப்பான டெக்ஸ்சர் வேண்டுமென்றால் ஒவ்வொரு 0.025 மி.மீ. ஆழத்துக்கும் இன்னும் 1 முதல் 1.5 டிகிரி கூட்ட வேண்டும். இல்லையேல் பீஸ் வெளிவரும்போது முகம் கீறிப்போகும். ஆகவே டெக்ஸ்சரை வரைபட நிலையிலேயே முடிவு செய்யுங்கள். மோல்டு வந்தபின் ஆசைப்பட்டால் வழி இருக்காது.

இரண்டு பாதிகளும் கொக்கி போட்டு மாட்டுகிற அமைப்பு என்றால் ஒவ்வொரு கொக்கியும் அண்டர்கட்தான்: மோல்டு நேராகத் திறந்தால் கொக்கி மாட்டிக்கொள்ளும். மோல்டுக்குள் பக்கவாட்டில் நகர்ந்து விலகும் ஸ்லைடரோ, சரிவாக எழும்பி விலகும் லிஃப்டரோ வைத்து எடுக்கலாம். செலவும் பராமரிப்பும் கூடும். பல நேரம் அதற்குத் தேவையே இல்லை. கொக்கிக்கு நேர் கீழே ஒரு துளை விட்டால் மோல்டின் எதிர்ப்பாதி அதன் வழியாக வந்து கொக்கியின் அடிமுகத்தை உருவாக்கிவிடும். எஃகும் எஃகும் உரசும் அந்த முகங்களுக்கு 3 டிகிரியாவது சரிவு வையுங்கள்.

பிளாஸ்டிக் எது என்பதை மோல்டு வெட்டுவதற்கு முன்பே உறுதி செய்தாக வேண்டும். ஆறும்போது ஏபிஎஸ் 0.4 முதல் 0.7 சதவீதம் சுருங்கும். பாலிப்ரொப்பிலீன் 1 முதல் 2 சதவீதம். 100 மி.மீ. நீளத்தில் இந்த வித்தியாசம் 1 மி.மீ.யைத் தொடலாம். ஒன்றுக்காக வெட்டிய மோல்டில் மற்றதை ஊற்றி அளவை எதிர்பார்க்க முடியாது. பிரிண்ட் மாதிரியின் கொக்கி உடைந்தாலும் உடையாவிட்டாலும் அதை நம்பாதீர்கள். அடுக்கு அடுக்காக அடித்த பொருளின் பலம் திசைக்குத் திசை மாறும். ஏபிஎஸ் கட்டியிலிருந்து சிஎன்சியில் (கணினி இயக்கும் வெட்டு இயந்திரம்) சில உறைகள் வெட்டி, கொக்கியைப் பலமுறை மாட்டிக் கழற்றி, 1 மீட்டர் உயரத்திலிருந்து எல்லாப் பக்கமும் விழச் செய்து பாருங்கள். பயனர்களிடம் கொடுத்துப் பார்க்க மட்டும் என்றால் சிலிக்கோன் மோல்டில் பாலியூரித்தேன் வார்த்து 15-20 பீஸ் எடுக்கலாம்.

சந்தேகமான அளவுகளில் எஃகு மிச்சம் இருக்கும்படி வெட்டச் சொல்லுங்கள். எஃகைச் சுரண்டுவது எளிது. வெல்டு வைத்துச் சேர்ப்பது தொல்லை, தடமும் தெரியும். மோல்டில் எஃகைச் சுரண்டினால் பீஸில் பிளாஸ்டிக் கூடும். அதனால் கொக்கியின் பிடியை முதலில் சற்றுக் குட்டையாக வையுங்கள். பிடிப்பு போதவில்லையென்றால் பிறகு நீட்டலாம். போர்டைச் சுற்றிய இடைவெளியையும் தாராளமாக விட்டே தொடங்குங்கள். சார்ஜிங் துளைக்கு மிக அருகில் இருக்கும் பாஸ்தான் போர்டின் இடத்தை நிர்ணயிக்க வேண்டும். தொலைவிலுள்ள பாஸை நம்பினால் ஒவ்வொரு அளவின் பிசகும் சேர்ந்து, கேபிள் உள்ளே ஏறாது. போர்டின் 1.6 மி.மீ. தடிமனே 10 சதவீதம் கூடக் குறைய வரும்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் மோல்டு செய்பவரிடம் பார்ட்டிங் லைன் (மோல்டின் பாதிகள் சேரும் கோடு), கேட் (பிளாஸ்டிக் நுழையும் வாய்), எஜெக்டர் பின் (பீஸை வெளியே தள்ளும் ஊசி) வரும் இடங்களைப் படமாகக் கேளுங்கள். பிளாஸ்டிக் ஓட்டங்கள் இரண்டு வந்து சேரும் வெல்டு லைன் கொக்கியிலோ பாஸிலோ விழுந்தால் அந்த இடம் பலவீனப்படும். கேட்டை நகர்த்தச் சொல்லுங்கள். கண்ணாடி நார் கலக்காத ஏபிஎஸ்ஸில் 5,000 பீஸுக்கு அலுமினிய மோல்டே தாங்கும்.

காப்புரிமை எண்ணம் இருந்தால், பொதுவெளியில் காட்டுவதற்கு முன் விண்ணப்பித்துவிடுங்கள். பல நாடுகளில் முன்கூட்டிய வெளியீடே உரிமையைப் பறித்துவிடும்.

முதல் ட்ரையல் பீஸ்களில் குறை இருக்கத்தான் செய்யும். சூட்டோடு அளக்காமல் ஒரு நாள் ஆறவிட்டு முக்கியமான அளவுகளைப் பாருங்கள். திருத்தம் முடிந்ததும் 100 கருவிகளை, வடிவமைப்பில் பங்கெடுக்காத ஒருவரைக் கொண்டு பூட்டச் சொல்லுங்கள். பாதிகளுக்கு நடுவே நசுங்கும் வயர், திருகு அதிகம் முறுகி வழுகும் பாஸ் எல்லாம் அப்போதுதான் தெரியவரும். மோல்டும் அதன் வடிவமைப்புக் கோப்புகளும் உங்களுக்கே சொந்தம், வேண்டும்போது எடுத்துச் செல்லலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.