விளக்கவுரையைக் கூட்டாதீர்கள், குறையுங்கள்

வணக்கம். பங்குனி ஆமை என்னும் கடல் ஆமை பற்றி நீங்கள் எடுத்த 40 நிமிட ஆவணப்படத்தை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்டியபோது, பத்தே நிமிடத்தில் பேச்சும் சலசலப்புமாகிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். பின்னணிக் குரலில் இன்னும் விளக்கம் சேர்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து சேர்க்காதீர்கள், இருப்பதிலேயே பாதியை வெட்டுங்கள்.

நெதர்லாந்து இயக்குநர் பெர்ட் ஹான்ஸ்ட்ராவின் 'கிளாஸ்' (1958) படத்தைப் பாருங்கள். ஏறத்தாழ 11 நிமிடம், விளக்கவுரை கிடையாது, ஆஸ்கர் வாங்கிய படம். தொழிற்சாலை இயந்திரத்தில் கழுத்து உடைந்த புட்டி ஒன்று சிக்கிக்கொள்ள, பின்னால் வருபவை ஒவ்வொன்றாக விழுந்து நொறுங்கும். அதை எந்தப் பிள்ளைக்கும் யாரும் விளக்க வேண்டியதில்லை.

உங்களிடமும் அப்படி ஓர் இடம் இருக்கிறது. முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுகள் கடலை விட்டுத் தெருவிளக்கை நோக்கி ஊரும் காட்சியைப் படமாக்கியதாகச் சொல்கிறீர்களே, படத்தை அங்கேயே தொடங்குங்கள். 'ஏன் அந்தப் பக்கம் போகிறது?' என்று பிள்ளைகள் கேட்கட்டும். முட்டை பொரிய 45 முதல் 60 நாள் ஆகும் என்பதெல்லாம் அதற்குப் பிறகு வரலாம். மொத்தம் 15 நிமிடம் தாராளம். திரையிடலுக்கு முன் உரை எதுவும் வேண்டாம். முடிந்ததும் மைக்கைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள்.