சிறகு இருக்கிறது, உத்தரவு எங்கே?

கேள்வி: ஒரு தொடர்கதை எழுதிவருகிறேன். பிரதான தூதன் மிகாவேல் ஒரு துறைமுகப் பட்டணத்தில் இறங்கி, கடத்தல் கும்பலிடம் சிக்கிய ஒரு பெண்ணை மீட்கிறார். கையில் எரியும் பட்டயம், முதுகில் இருபதடிச் சிறகு, அத்தியாயத்துக்கு ஒரு சண்டை. மொத்தம் 12 அத்தியாயம். முதல் ஐந்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். 'தேவதூதனைச் சண்டைக்காரன் ஆக்குவது வேதத்துக்கு விரோதம்' என்கிறார் ஒரு நண்பர். மற்றவர்கள் ஐந்தாவது அத்தியாயத்திலேயே சலித்துவிட்டது என்கிறார்கள். ஹாலிவுட்டில் இதே சரக்குதானே ஓடுகிறது? என் கதையில் என்ன கோளாறு?
— ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: முதல் நண்பர் கவலைப்பட வேண்டியதில்லை. தூதன் கையில் ஆயுதம் கொடுத்தது ஹாலிவுட் அல்ல. ஏதேன் தோட்டத்துக்குக் காவல் வைத்ததே கேருபீன்கள் என்ற தூதர்களையும் சுடரொளிப் பட்டயத்தையும்தான். பிலேயாம் என்ற தீர்க்கதரிசியின் கழுதை மிரண்டது, உருவின பட்டயத்தோடு வழியில் நின்ற தூதனைக் கண்டுதான். வேதத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷம் 12ஆம் அதிகாரத்தில் மிகாவேலும் அவனைச் சேர்ந்த தூதர்களும் சாத்தானாகிய வலுசர்ப்பத்தோடு யுத்தமே பண்ணுகிறார்கள். சண்டை எழுதியது குற்றமில்லை. சலிக்கிறது என்ற மற்ற நண்பர்கள் சொன்னதுதான் சரி. அதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

உங்கள் மிகாவேலால் தோற்க முடியாது. அங்கேதான் கதை படுத்துவிடுகிறது. இரண்டாம் இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தில் கர்த்தருடைய தூதன் ஒரே இரவில் 1,85,000 அசீரியரைச் சங்கரிக்கிறான். அது அங்கே எத்தனை வசனம் தெரியுமா? ஒன்று. பட்டயம் சுழன்றதாகவோ யாரோ அலறியதாகவோ ஒரு வார்த்தை இல்லை. விடியற்காலத்தில் எழுந்து பார்த்தால் எல்லாம் பிரேதங்கள், அவ்வளவுதான். அந்த பலத்துக்கு எதிரே மனிதன் நின்றால் அதைச் சண்டை என்று சொல்ல முடியாது என்பது எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. நீங்களோ அரிவாளோடு வரும் ஆறு பேரை மிகாவேல் அடித்துப்போடுவதற்கு ஒன்பது பக்கம் செலவழித்திருக்கிறீர்கள். அந்த ஒன்பது பக்கத்தில் வாசகன் எதற்காகப் பயப்படுவான்?

தூதன் என்ற சொல்லையே கொஞ்சம் பாருங்கள். எபிரேயத்தில் மலாக், கிரேக்கத்தில் ஆங்கெலோஸ். இரண்டுக்கும் செய்தி கொண்டுபோகிறவன் என்றுதான் பொருள். தமிழில் மொழிபெயர்த்தவர்கள் தேவதை என்று போடாமல் தூதன் என்று போட்டார்கள். மிகச் சரியான தேர்வு. தூது என்றால் என்ன என்று நமக்கு வள்ளுவர் சொல்லிவைத்திருக்கிறார்: 'இறுதி பயப்பினும் எஞ்சாது இறைவற்கு உறுதி பயப்பதாம் தூது.' இங்கே இறைவன் என்பது அரசன். உயிரே போனாலும் அனுப்பியவனுக்கு நன்மையை முடித்துக் கொடுப்பவன்தான் தூதன். தோள்வலியைப் பற்றி அந்தக் குறளில் பேச்சே இல்லை. அவனிடம் இருக்கும் பலம் அனுப்பியவருடையது. அவனுக்கென்று இருப்பது ஓர் உத்தரவு. எதைச் செய்ய அனுப்பப்பட்டான், எதைச் செய்ய அவனுக்கு அனுமதி இல்லை என்ற இடத்தில்தான் கதையின் முடிச்சு விழும். உங்கள் ஐந்து அத்தியாயங்களில் மிகாவேலை யார் அனுப்பினார், என்ன சொல்லி அனுப்பினார் என்று ஒரு வரிகூட இல்லை. சிறகு முளைத்த ஒரு பலசாலிதான் அங்கே நிற்கிறார்.

இதற்கு நல்ல பாடம் ஆதியாகமம் 19ஆம் அதிகாரம். சோதோம் ஊரார் லோத்தின் வீட்டைச் சூழ்ந்துகொண்டு கதவை உடைக்க வருகிறார்கள். உள்ளே இருக்கும் இரண்டு தூதர்களும் செய்வதைப் பாருங்கள். கையை நீட்டி, வெளியே நிற்கும் லோத்தை உள்ளே இழுத்து, கதவைப் பூட்டுகிறார்கள். வாசலில் நின்றவர்களுக்குக் குருட்டாட்டம் பிடிக்கிறது. அவர்கள் வாசலைத் தேடித் தேடி அலுத்துப்போகிறார்கள். ஒரு கை, ஒரு கதவு, இருட்டில் சுவரைத் தடவும் ஒரு கூட்டம். மொத்தச் சண்டையும் இதுதான். இதைவிட முக்கியமானது விடிந்தபிறகு நடப்பது. ஊரை அழிக்கப்போகிறோம், மலைக்கு ஓடிப்போ என்று தூதர்கள் சொல்லியும் லோத்து தயங்குகிறான். மலைக்குப் போகமாட்டேன், அந்தச் சின்ன ஊருக்குப் போகிறேன் என்று பேரம் பேசுகிறான். தூதன் சொல்கிறான்: 'நீ அங்கே போய்ச் சேருமட்டும் நான் ஒன்றும் செய்யக்கூடாது.' ஊரையே அழிக்க வந்தவன், ஒரு கிழவனின் நடைவேகத்துக்குக் கட்டுப்பட்டு நிற்கிறான். பதற்றம் இங்கேதான் பிறக்கிறது. பலம் அப்படியே இருக்கிறது, ஆனால் அதை எடுக்க முடியவில்லை.

இரவில் வந்த ஒரு தூதரோடு யாக்கோபு போட்ட மல்யுத்தத்தையும் இதே கண்ணோடு படியுங்கள். இடம் யாப்போக்கு ஆற்றின் துறை. நேரம் இரவு, பொழுது விடியுமுன் வந்தவர் போயாக வேண்டும். மேற்கொள்ள முடியாதபோது ஒரே ஒரு தொடுதல், யாக்கோபின் தொடைச்சந்து சுளுக்குகிறது. அப்படியும் அவன் பிடியை விடவில்லை. முடிவில் அவனுக்குப் புதுப் பெயர் கிடைக்கிறது, காலில் நொண்டலும் நிற்கிறது. இடம், கெடு, விதி, விலை, பலன் எல்லாம் பத்துப் பன்னிரண்டு வசனத்துக்குள் அடங்கிவிடுகின்றன. உங்கள் சண்டைகளில் கெடுவும் இல்லை, விலையும் இல்லை.

ஹாலிவுட்டில் இதே சரக்கு ஓடுகிறது என்றீர்கள். ஓடியதும் உண்டு, படுத்ததும் உண்டு. 2005இல் வந்த 'கான்ஸ்டன்டைன்' படத்தில் டில்டா ஸ்வின்டன் காபிரியேல் தூதனாக வருகிறார். கடைசியில் அவர் சாத்தானாகிய லூசிஃபரை அடிக்கக் கையை ஓங்குகிறார். அடி விழவில்லை. மேலிருந்து வந்துகொண்டிருந்த பலம் நின்றுபோய்விட்டது. ஓங்கிய கை அந்தரத்தில் நிற்க, அந்த முகத்தில் வரும் திகைப்பு ஒரு படைமுழுக்கச் சண்டையிட்டாலும் கிடைக்காது. பிறகுதான் சிறகு எரிகிறது. தூதனின் பலம் இரவல் பலம் என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய சண்டைக்காட்சி எனக்குத் தெரிந்து வேறில்லை.

2010இல் வந்த 'லீஜியன்' இதற்கு நேர்மாறு. மனித குலத்தை அழிக்கச் சொன்ன உத்தரவை மீறி மிகாவேல் பூமிக்கு வருகிறார், வந்தவுடன் தன் சிறகைத் தானே அறுத்துக்கொள்கிறார், பிறகு துப்பாக்கிகளை அள்ளிக்கொள்கிறார். ஒரு தூதன் கீழ்ப்படிய மறுப்பது கதையின் உச்சத்தில் வர வேண்டிய விஷயம். அதை முதல் சில நிமிடங்களிலேயே செலவழித்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது பாலைவனத்து உணவுவிடுதிக்குள் மாட்டிக்கொண்ட சில பேரும் இயந்திரத் துப்பாக்கியும்தான். அந்த இடத்தில் ஓய்வுபெற்ற ராணுவ வீரன் ஒருவனைப் போட்டிருந்தாலும் கதை நடந்திருக்கும்.

நாவலில் ஃபிராங்க் பெரெட்டி 1986இல் வெளியிட்ட 'திஸ் பிரசன்ட் டார்க்னஸ்' உங்கள் வகைக்கு முன்னோடி. அமெரிக்கச் சிற்றூர் ஒன்றின் மேலே தூதர்களும் பிசாசுகளும் பட்டயத்தோடு மோதுகிறார்கள். அவர் வைத்த கட்டுப்பாடு எளிமையானது, உறுதியானது: கீழே இருப்பவர்கள் ஜெபித்தால் மேலே தூதர்களுக்கு பலம் ஏறும், ஜெபம் குறைந்தால் அவர்கள் பின்வாங்க வேண்டும். இதனால் ஒரு கிழவி முழங்காலில் நிற்பதுகூடச் சண்டையின் பகுதி ஆகிவிடுகிறது. அந்த நாவலின் குறையையும் சொல்ல வேண்டும். வேறு நம்பிக்கைக்காரர்கள் எல்லாரையும் பிசாசு ஆட்டிவைக்கிறது என்று ஆக்கிவிட்டதால், எதிரே இருக்கும் மனிதர்களுக்கு மனம் என்று ஒன்று இல்லாமல் போனது. உங்கள் கடத்தல்காரர்களிலும் அந்த நோய் தெரிகிறது. தலைவன் கண்ணில் சிவப்பு ஒளி வேண்டாம். அவன் பணத்துக்காகச் செய்கிறான் என்றால் போதும்.

எதிரியும் சாகமாட்டான், நாயகனும் சாகமாட்டான் என்றால் என்ன ஆகும் என்பதற்கு ஆங்கிலக் கவிஞர் மில்டனே சாட்சி. 1667இல் வந்த 'பாரடைஸ் லாஸ்ட்' ஆறாம் காண்டத்தில் பரலோக யுத்தம் மூன்று நாள் நடக்கிறது. மிகாவேலின் பட்டயம் சாத்தானைப் பிளக்கிறது, காயம் உடனே மூடிக்கொள்கிறது. சாத்தான் பீரங்கி செய்கிறான், தூதர்கள் மலைகளைப் பிடுங்கி எறிகிறார்கள். எவ்வளவு வீசினாலும் முடிவு வருவதில்லை. தேவகுமாரன் ரதத்தில் வந்துதான் முடித்துவைக்க வேண்டியிருக்கிறது. அந்தக் காவியத்தில் உடம்பு சிலிர்க்கும் இடம் அதற்கு முன்பே வந்துவிடுகிறது: சாத்தானின் கூட்டம் முழுக்க எதிரே நிற்க, அப்தியேல் என்ற ஒரே தூதன் எழுந்து மாட்டேன் என்று சொல்லிவிட்டு நடந்து வெளியேறுகிறான்.

தொடர்கதை எழுதுகிற உங்களுக்கு 'சூப்பர்நேச்சுரல்' தொலைக்காட்சித் தொடர் தரும் எச்சரிக்கை ஒன்று உண்டு. 2008இல் காஸ்டியேல் என்ற தூதன் அறிமுகமாகும் காட்சி அருமையானது. ஒரு தானியக் கொட்டகை. நாயகர்கள் சுடுகிறார்கள், அவர் நடந்து வந்துகொண்டே இருக்கிறார். நெஞ்சில் கத்தியை இறக்குகிறார்கள்; பிடுங்கிக் கீழே போடுகிறார். திருப்பி அடிப்பதில்லை. மின்னல் வெட்டும்போது சுவரில் சிறகின் நிழல் மட்டும் விரிகிறது. ஆனால் இவ்வளவு பலசாலியை வாராவாரம் வைத்துக் கதை ஓட்ட முடியாது. அதனால் அவருடைய சக்தியைத் திரும்பத் திரும்பப் பறித்தார்கள், தூதரைக் கொல்லவென்றே ஒரு கத்தியைக் கொண்டுவந்தார்கள். அந்தக் கத்தி வந்தபின் தூதர்கள் அடியாட்களைப்போல விழ ஆரம்பித்தார்கள். கட்டுப்பாட்டை முதல் அத்தியாயத்திலேயே வைத்துவிடுங்கள். நடுவழியில் வைத்தால் அது எழுத்தாளனின் வசதிக்காக வந்தது என்று வாசகனுக்குத் தெரிந்துவிடும்.

சிறகு விஷயம். இருபதடி என்ற கணக்கு தப்பில்லை. அர்ஜென்டினாவில் வாழ்ந்து மறைந்த அர்ஜென்டாவிஸ் என்ற ராட்சதப் பறவை சுமார் 70 கிலோ; சிறகை விரித்தால் ஏறக்குறைய 6 மீட்டர். ஆள் எடைக்கு அந்த அளவு வேண்டும். ஆனால் அடுத்த பக்கத்தில் மிகாவேலை மூன்றடிக் கதவு வழியாக லாட்ஜ் அறைக்குள் நுழைக்கிறீர்கள், முதுகு சாய்த்து நாற்காலியில் உட்காரவைக்கிறீர்கள், சட்டையும் மாட்டிவிடுகிறீர்கள். மடித்த சிறகு எங்கே போனது? சிறகு வைத்தால் கதவும் நாற்காலியும் சட்டையும் மாற வேண்டும். வைக்காமலும் விடலாம். ஆபிரகாமிடம் வந்த தூதர்கள் கால் கழுவி, மரத்தடியில் உட்கார்ந்து, வெண்ணெயும் பாலும் கன்றின் இறைச்சியும் சாப்பிட்டார்கள். சிறகைப் பற்றிப் பேச்சில்லை. ஏசாயா தீர்க்கதரிசி கண்ட சேராபீன்கள் என்ற தூதர்களுக்கு ஆறு செட்டைகள், ஆனால் நான்கு முகத்தையும் காலையும் மூடத்தான், பறக்க இரண்டே. ரோமாபுரியின் பிரிசில்லா நிலத்தடிக் கல்லறை ஓவியத்தில் கன்னி மரியாளுக்கு முன் நிற்கும் தூதனுக்கும் சிறகில்லை. 1995இல் வந்த 'தி பிராஃபசி' படத்தில் கிறிஸ்டோஃபர் வாக்கன் காபிரியேலாக நடித்தபோது, பறவையைப்போலக் குந்தி உட்காருவதிலேயே மனிதன் இல்லை என்று காட்டிவிட்டார். கார் ஓட்டத் தெரியாமல் அதற்கு ஓர் ஆளை வைத்துக்கொள்வதும் அந்தப் பாத்திரத்துக்குப் பொருத்தமாக இருந்தது. இத்தகைய இரண்டு சின்னச் செய்கைகள் இருபதடிச் சிறகை விட நன்றாக வேலை செய்யும்.

மொழியிலும் கவனம் வேண்டும். மிகாவேல், பட்டயம், கேருபீன் என்பவை பழைய வேதாகமத் தமிழ். கத்தோலிக்க வீடுகளில் அவர் மிக்கேல் அதிதூதர். பாட்டி தலைமுறை தூதரைச் சம்மனசு என்றே சொல்லும், குழந்தைக்குக் காவல் சம்மனசு துணை என்று ஜெபிக்கும். உங்கள் கதையில் அந்தப் பெண்ணின் தாய் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றுகிறவர். அவர் வாயில் மிகாவேல் வரக்கூடாது. மூன்றாவது அத்தியாயத்தில் இஸ்லாமியப் படகோட்டியிடம் 'கலகம் செய்த மலக்கு' என்று பேசவைத்ததையும் எடுத்துவிடுங்கள். குர்ஆனில் மலக்குகள், அதாவது தூதர்கள், இறைவனுக்கு மாறு செய்யாதவர்கள். மாறு செய்த இப்லீஸ், அதாவது சாத்தான், ஜின் என்ற வேறு இனம். கடலில் பாதி வாழ்க்கை கழித்த மனிதர் தன் மார்க்கத்தில் இல்லாததைச் சொன்னால் அந்தப் பாத்திரமே பொய்யாகிவிடும்.

இப்போது ஒரு துண்டுக் காகிதத்தில் மிகாவேலுக்கு வந்த உத்தரவை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்: யாரை, எங்கிருந்து, எப்போதுக்குள், எந்த ஒன்றைச் செய்யாமல். 'அவளாக வரச் சம்மதிக்கும்வரை அவளைத் தொடக்கூடாது' என்று அந்தக் கடைசி விதியை வைத்துப் பாருங்கள். ஐந்து சண்டையில் மூன்று தானாக உதிர்ந்துவிடும். அரிவாள்காரர்களின் ஒன்பது பக்கம் அரைப் பக்கமாகட்டும். ஐந்தாவது அத்தியாயத்தில் கிடங்குக் கதவை அவர் பட்டயத்தால் பிளக்க வேண்டாம். தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கட்டும். உள்ளே அந்தப் பெண், பின்வாசலில் கும்பலின் லாரிச் சத்தம், வெளியே கதவில் கைவைத்தபடி மிகாவேல். அவள் தாழ்ப்பாளை எடுக்கும்வரை அவர் அங்கேயே நிற்கட்டும்.