நேபாளத்துக்கு மோட்டார் சைக்கிள் பயணம்: வாங்கும் முன் கேளுங்கள்

கேள்வி: எனக்கு 350 சிசி மோட்டார் சைக்கிள் இருக்கிறது. அக்டோபரில் 12 நாள் விடுப்பு எடுத்து நேபாளக் கிராமச் சாலைகளைச் சுற்ற ஆசை. சொந்த வண்டியைக் கொண்டுபோவதா, அங்கே வாடகைக்கு எடுப்பதா? எது சிக்கனம்?
— மதுரை வாசகர்

பதில்: 12 நாள்தான் என்றால் வாடகை வண்டி. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. தமிழ்நாட்டிலிருந்து உத்தரப் பிரதேசத்தின் சுனௌலி எல்லை 2,000 கிலோமீட்டருக்கு மேல். ஓட்டிக்கொண்டே போனால் போக வர உங்கள் விடுப்பு முழுவதும் இந்திய நெடுஞ்சாலைகளிலேயே கரைந்துவிடும். ரயிலில் பார்சலாக அனுப்பலாம். சென்னை வழியாகச் செல்லும் ராப்திசாகர் எக்ஸ்பிரஸ் கோரக்பூர் வரை போகிறது. அங்கிருந்து எல்லை சுமார் 100 கிலோமீட்டர். ஆனால் பெட்ரோலை வடித்து, சாக்கு சுற்றி, பதிவுச் சான்று நகலுடன் பார்சல் அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். நீங்கள் போகும் ரயிலிலேயே வண்டியும் வந்து சேரும் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள்.

ஒரு மாதம் கையில் இருப்பவர்களுக்குச் சொந்த வண்டி ஏற்றது. அப்போது எல்லையில் இரண்டு வேலை இருக்கிறது. முதலில் பன்சார் எனப்படும் சுங்கச் சீட்டு. தங்கும் நாள் ஒவ்வொன்றுக்கும் கட்டணம் கட்ட வேண்டும். அடுத்தது யாதாயாத் எனப்படும் போக்குவரத்து அனுமதி. பதிவுச் சான்று, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அடையாள அட்டை அல்லது பாஸ்போர்ட் ஆகியவற்றை அசலாகக் கையில் வைத்திருங்கள். செல்பேசியில் காட்டிச் சமாளிக்கலாம் என்று கிளம்ப வேண்டாம். வண்டி வேறொருவர் பெயரில் இருந்தால் அவருடைய அனுமதிக் கடிதமும் தேவை. இந்தியப் பதிவெண் வண்டிக்கு ஆண்டுக்கு 30 நாள் வரைதான் அனுமதி.

பன்சாரில் எழுதிய தேதிக்குள் திரும்ப முடியாவிட்டால் அபராதம் உண்டு. ஆகவே திட்டமிட்டதைவிட இரண்டு நாள் கூடுதலாகவே கட்டிவிடுங்கள். நிலச்சரிவில் சாலை ஒரு நாள் அடைபடுவது அங்கே வழக்கமான ஒன்று. இவ்வளவு கண்டிப்பு ஏன் என்று கேட்கலாம். நேபாளத்தில் வாகனங்களுக்கு வரி மிக அதிகம். நம் ஊரில் வாங்கும் அதே வண்டி அங்கே பல மடங்கு விலை. வரி கட்டாத வண்டி உள்ளே வந்து விற்கப்பட்டுவிடக் கூடாது என்பதுதான் அவர்கள் கவலை. அதனால் வண்டி பழுதாகி நின்றால்கூட அப்படியே விட்டுவிட்டுப் பஸ் ஏறி வந்துவிட முடியாது. லாரியில் ஏற்றியாவது எல்லைக்கு வெளியே கொண்டுவர வேண்டும். சொந்த வண்டியின் செலவைக் கணக்கிடும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வாடகை வண்டி காத்மாண்டுவின் தமேல் பகுதியிலும் பொக்ராவின் ஏரிக்கரையிலும் கிடைக்கிறது. நான் பொக்ராவைச் சொல்வேன். காத்மாண்டு நெரிசலிலும் அங்கிருந்து பொக்ரா வரும் பிருத்வி நெடுஞ்சாலையின் லாரிகளிடையேயும் ஒரு நாளை வீணாக்காமல், ஊரைத் தாண்டியதுமே மலைச்சாலை தொடங்கிவிடும். அக்டோபரில் தசைன் பண்டிகை வரலாம். அந்த நாட்களில் வண்டிகள் முன்பதிவாகிவிடும், பழுதுபார்க்கும் கடைகளும் மூடியிருக்கும். தேதியைப் பார்த்துவிட்டு விடுப்பு எழுதுங்கள்.

வண்டியை எடுக்கும்போது பிணையாக அசல் பாஸ்போர்ட்டைக் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். நகலும் ரொக்க முன்பணமும் போதும் என்று பேசிப் பாருங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் அடுத்த கடைக்குப் போங்கள். பாஸ்போர்ட் அவர் பெட்டிக்குள் இருக்கும்வரை, திரும்பும் நாளில் ஒரு கீறலுக்கு அவர் சொல்வதுதான் விலை. வாடகைக்கு விடுபவரைப் பொறுத்தவரை உதிரி பாகமும் விலை அதிகமானதுதான் என்பதையும் மறக்க வேண்டாம். அதனால் கிளம்பும் முன்பே கைப்பிடி, சைலன்சர், எஞ்சின் அடிப்பகுதி, சக்கர வளையம் எல்லாவற்றையும் அவர் முன்னிலையில் வீடியோ எடுங்கள். ப்ளூபுக் எனப்படும் பதிவுப் புத்தகத்தில் வரியும் காப்பீடும் நடப்பில் இருக்கின்றனவா என்று பாருங்கள். முக்திநாத் இருக்கும் முஸ்தாங் மலை மாவட்டத்துப் பக்கம் போவதென்றால் அந்தப் பெயரை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: என் வண்டிக்கு முழுக் காப்பீடு இருக்கிறது. "கவலையே வேண்டாம், நேபாளத்திலும் செல்லும்" என்கிறார் முகவர். நம்பலாமா?
— கோயம்புத்தூர் வாசகி

பதில்: நம்ப வேண்டாம். பாலிசியின் முதல் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். புவியியல் எல்லை என்ற இடத்தில் இந்தியா என்று மட்டும்தான் இருக்கும். எல்லையைத் தாண்டிய நொடியிலிருந்து, நீங்கள் ஆயிரக்கணக்கில் கட்டிய அந்த முழுக் காப்பீடு வெறும் காகிதம்தான்.

இதற்கு வழி பாலிசியிலேயே இருக்கிறது. ஐ.எம்.டி. 1 என்ற பின்னிணைப்பு, காப்பீட்டை நேபாளம், பூடான், வங்கதேசம், இலங்கை, மாலத்தீவு, பாகிஸ்தான் ஆகிய நாடுகளுக்கு நீட்டிக்க உதவுகிறது. பழைய கட்டண விதியில் முழுக் காப்பீட்டுக்கு இதன் விலை 500 ரூபாய். இன்று நிறுவனத்துக்கு நிறுவனம் மாறலாம், ஆனால் பயணச் செலவோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய தொகை. இதைத் தவிர்த்துவிட்டு அதே பணத்தில் கைப்பேசித் தாங்கி வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. இணையத்தில் பாலிசி புதுப்பிக்கும் பக்கங்களில் இந்த வசதி பெரும்பாலும் கண்ணில் படாது. கிளை அலுவலகத்துக்கு எழுத்தில் விண்ணப்பித்து, நேபாளம் என்று பெயர் அச்சிட்ட பின்னிணைப்பைக் கையில் வாங்கிய பிறகு கிளம்புங்கள். முகவரின் வாய்ச்சொல்லையோ வாட்ஸ்அப்பில் அனுப்பும் கட்டைவிரலையோ வைத்து இழப்பீடு கோர முடியாது.

இது வண்டிக்கு மட்டும். உங்கள் உடலுக்கு வேறு ஏற்பாடு வேண்டும். உள்நாட்டு மருத்துவக் காப்பீடுகள் பெரும்பாலும் இந்தியாவுக்குள் பெறும் சிகிச்சைக்குத்தான் பொருந்தும். பயணக் காப்பீடு வாங்கும்போது விலையைப் பார்க்கும் முன் விலக்குகள் என்ற பகுதியைப் படியுங்கள். இரு சக்கர வாகனம் ஓட்டுவது விலக்கப்பட்டிருக்கிறதா, குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் செல்லாது என்று இருக்கிறதா, ஹெலிகாப்டர் மீட்பு சேருமா என்ற மூன்றையும் மின்னஞ்சலில் கேட்டுப் பதில் வாங்குங்கள். மலையில் கால் உடைந்தால் ஆம்புலன்ஸ் வந்து சேர முடியாத இடங்கள் அங்கே நிறைய.

எதிரே வருபவருக்கு உங்களால் காயம் ஏற்பட்டால் வண்டி காவல் நிலையத்தில் நிற்கும், இழப்பீட்டுப் பேச்சு உடனே தொடங்கும். அந்த நேரத்தில் உள்ளூர்க் காப்பீட்டுச் சீட்டு இருப்பது பெரும் உதவி. நேபாள நிறுவனத்தின் மூன்றாம் நபர் காப்பீடு கிடைக்குமா என்று எல்லையை ஒட்டிய பைரஹவாவில் விசாரித்துவிட்டு மேலே போங்கள். விபத்து நடந்தால் பழுதுபார்க்கும் முன்பே உங்கள் நிறுவனத்துக்குத் தகவல் சொல்லுங்கள். போலீஸ் அறிக்கை நேபாளியில் இருக்கும். காத்மாண்டுவிலேயே ஆங்கில மொழிபெயர்ப்பு எடுத்துவிடுவது நல்லது.

பின்னிணைப்பு இருந்தும் நிறுவனம் மறுத்தால் முதலில் அதன் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி தராவிட்டாலும் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கைகளை அவர் விசாரிக்கலாம். கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் வேண்டாம்.

கேள்வி: 68 வயதான அப்பாவைப் பின்னால் அமர்த்தி முக்திநாத் போக விரும்புகிறேன். அவரிடம் பாஸ்போர்ட் இல்லை.
— ஸ்ரீரங்கம் வாசகர்

பதில்: திருமங்கையாழ்வாரும் பெரியாழ்வாரும் பாடிய சாளக்கிராமம் என்று வைணவர்கள் போற்றும் தலம் அது. உங்கள் அப்பாவின் ஆசை எனக்குப் புரிகிறது. அடையாளச் சான்று பற்றிக் கவலை வேண்டாம். வாக்காளர் அட்டை போதும். 65 வயதைக் கடந்தவர்களுக்கு ஆதாரையும் இந்திய அரசு ஏற்கிறது. அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்கான அனுமதிச் சீட்டைப் பொக்ராவிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் பின்னிருக்கையில் வேண்டாம் என்றே சொல்வேன். வழியில் உள்ள பேனியிலிருந்து தாதோபானி, காசா ஆகிய ஊர்கள் வழியாக ஏறும் சாலையில் கல்லும் சேறும் ஓடை குறுக்கிடும் இடங்களும் இருக்கின்றன. முதுகெலும்பு அந்த அடியைத் தாங்க வேண்டும். காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் முற்பகலுக்குப் பிறகு எழும் காற்று, சுமை ஏற்றிய வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். பொக்ரா சுமார் 800 மீட்டர் உயரம், முக்திநாத் சுமார் 3,700 மீட்டர். ஒரே நாளில் ஏறினால் இளைஞர்களுக்கே தலைசுற்றும்.

அப்பாவுக்கு பொக்ராவிலிருந்து ஜீப்பில் இடம் எடுங்கள். நீங்கள் வண்டியில் கூடவே போகலாம். மார்பா அல்லது ஜோம்சோமில் ஓர் இரவு தங்கி, மறுநாள் காலையில், காற்று எழுவதற்கு முன் கோயிலுக்குப் போங்கள். கிளம்பும் முன் இதயப் பரிசோதனை கட்டாயம்.

கேள்வி: பயண ஏற்பாட்டாளர் ஒருவரிடம் குழுப் பயணத்துக்கு 45,000 ரூபாய் கட்டினேன். ஜூலையில் நிலச்சரிவு என்று ரத்து செய்துவிட்டார். "இயற்கைச் சீற்றம், பணம் திரும்பாது" என்கிறார்.
— சேலம் வாசகர்

பதில்: ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் வரை நேபாளத்தில் மழைக்காலம். மலைச்சாலை சரிவது அப்போது எதிர்பார்க்க வேண்டிய ஒன்று. 2024 ஜூலையில் சிமல்தால் அருகே இரண்டு பஸ்களையே நிலச்சரிவு திரிசூலி ஆற்றில் தள்ளியது. அந்த மாதத்தில் பயணம் விற்றவர் ஆபத்தை உங்களுக்கு முன்கூட்டியே சொன்னாரா? சொல்லியிருக்காவிட்டால் அதுவே உங்கள் வாதம். ரத்து செய்தது சரியான முடிவுதான், அதற்காக அவரைக் குறை சொல்ல மாட்டேன். வழங்காத சேவைக்கான பணத்தை முழுவதும் வைத்துக்கொள்வது வேறு விஷயம்.

விடுதிக்கும் அனுமதிக்கும் உண்மையில் செலவழித்து, திரும்பக் கிடைக்காமல் போன தொகைக்கு ரசீது கேளுங்கள். அதைக் கழித்து மீதியைத் தரும்படி பதிவுத் தபாலில் 15 நாள் கெடு வைத்து எழுதுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதியுங்கள். அசையாவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். அவர் அலுவலகம் டெல்லியில் இருந்தாலும், 2019ஆம் ஆண்டுச் சட்டம் நீங்கள் வசிக்கும் ஊரிலேயே தொடர அனுமதிக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, காலக்கெடு இரண்டு ஆண்டு. இ-ஜாக்ருதி தளத்தில் இணையவழியிலும் தாக்கல் செய்யலாம். விளம்பரத் துண்டு, பணம் கட்டிய ரசீது, வாட்ஸ்அப் உரையாடல் மூன்றையும் இன்றே பிரதி எடுத்து வையுங்கள்.

கேள்வி: பணத்தை எப்படிக் கொண்டுபோவது?
— புதுச்சேரி வாசகர்

பதில்: 100 ரூபாய் நோட்டுகளாக. 2018 டிசம்பரில் அதற்கு மேற்பட்ட இந்திய நோட்டுகளுக்கு நேபாளம் தடை விதித்திருந்தது, 2025 டிசம்பரில் அதைத் தளர்த்த முடிவெடுத்தது. ஆனாலும் கிராமக் கடைக்காரர்களிடம் 500 ரூபாய் நோட்டை நீட்டாதீர்கள். 1993 முதல் ஓர் இந்திய ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய் என்ற நிலையான மாற்று விகிதம் நடப்பில் இருக்கிறது. அதற்குக் குறைவாக யார் கொடுத்தாலும் எண்ணிப் பார்த்து மறுத்துவிடுங்கள். 2024 மார்ச் முதல், நேபாள நிறுவனமான போன்பே (Fonepay, நம் ஊர் PhonePe அல்ல) க்யூஆர் ஒட்டியிருக்கும் கடைகளில் இந்திய யுபிஐ வழியாகவும் கட்டலாம். ஆனால் அதற்கு இணைய இணைப்பு வேண்டும். பேனியைத் தாண்டிய சாலையில் அதை நம்பாமல், பெட்ரோலுக்கும் இரண்டு இரவுத் தங்கலுக்கும் ஆகும் தொகையை நேபாள நோட்டாகப் பொக்ராவிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.