மாதம் 9,000 ரூபாய் கட்டியும் கார்டு கடன் குறையவில்லை, என்ன செய்வது?

கேள்வி: எனக்கு 27 வயது. சென்னை பெருங்குடியில் இரண்டு நண்பர்களோடு ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறேன். அமெரிக்க நிறுவனத்துக்கான சப்போர்ட் வேலை. மாலை ஐந்தரைக்கு ஷிஃப்ட் தொடங்கி இரவு இரண்டரைக்கு முடியும். கையில் வரும் சம்பளம் 44,000. ரூம் வாடகை, கரண்ட் பங்கு 7,500, ஊருக்கு அனுப்புவது 12,000, பைக் இஎம்ஐ 4,200, மதியம் மெஸ் சாப்பாடு 2,800, பெட்ரோல், போன், இதரச் செலவு 4,000. மிச்சம் 13,500. அதில் 9,000 ரூபாயை கிரெடிட் கார்டுக்குக் கட்டுகிறேன். ஆனாலும் 46,000 ரூபாய் பாக்கி அப்படியே நிற்கிறது, கொஞ்சம் ஏறவும் செய்கிறது. ஷிஃப்ட் முடிந்து கேபில் ஏறியதும் ஆப்பில் சாப்பாடு ஆர்டர் போட்டுவிடுவேன், ரூமுக்குப் போகும்போது அதுவும் வந்துவிடும். கூட்டிப் பார்த்தால் மாதம் 9,800 ரூபாய் கார்டிலிருந்து இதற்கே போகிறது. ஒரு பில்லையும் அனுப்பியிருக்கிறேன்; கடைக்கு நேரில் போனால் அதே ஃபிரைட் ரைஸ் 150 ரூபாய்தான். சாப்பிட்டதும் படுப்பதால் நெஞ்செரிச்சல் வேறு. ஒரு ஆளுக்குச் சமைத்தாலும் அதே செலவுதான் ஆகும் என்கிறான் நண்பன். எனக்குச் சமைக்கவும் தெரியாது. கார்டுக்குக் கட்டுவதை 4,000 ஆகக் குறைத்துக்கொண்டு மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் 5,000 ரூபாய் போடும் எஸ்ஐபி தொடங்கலாமா? எந்த ஃபண்ட் நல்லது? ஊருக்கு அனுப்பும் பணத்தைக் குறைக்க வேண்டுமா?

பதில்: ஊருக்கு அனுப்புவதில் கை வைக்க வேண்டாம். எஸ்ஐபியையும் இப்போது தொடங்க வேண்டாம். காரணத்தைச் சொல்கிறேன்.

உங்கள் கார்டின் வட்டி மாதம் மூன்றரை சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலான கார்டுகளில் அதை ஒட்டித்தான் இருக்கும்; உங்களுடைய விகிதம் ஸ்டேட்மென்டின் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் அச்சாகியிருக்கும், பாருங்கள். 46,000 ரூபாய்க்கு மாதம் 1,610 ரூபாய் வட்டி. அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஆக மொத்தம் 1,900 ரூபாய். நீங்கள் கட்டும் 9,000-த்தில் முதலில் இது கழிந்துவிடுகிறது. மீதி 7,100 கடனைக் குறைக்கிறது. ஆனால் அதே மாதத்தில் 9,800 ரூபாய்க்கு அதே கார்டில் சாப்பாடு வாங்கியிருக்கிறீர்கள். குறையவில்லை என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று. பாக்கி முழுவதையும் கட்டாதவருக்கு, கார்டில் கிடைக்கும் அந்த வட்டியில்லாத நாட்கள் கிடையாது. புதிதாக வாங்கும் ஒவ்வொன்றுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். நேற்று ராத்திரி ஆர்டர் போட்ட பிரியாணிக்கு நேற்றிலிருந்தே வட்டி. ஆண்டுக் கணக்கில் 40 சதவீதத்துக்கு மேல் வட்டி கட்டிக்கொண்டு, 12 சதவீதம் வரலாம் என்று நம்பி ஃபண்டில் போடுவது உங்களை மேலும் பின்னுக்குத்தான் தள்ளும்.

ஆகவே உங்கள் கேள்வி ஃபண்டைப் பற்றியதே அல்ல. இரவு மூன்று மணிக்கு என்ன சாப்பிடுவது என்பதுதான் கேள்வி. அதற்கு ஒரு வழி செய்துவிட்டால் மற்றதெல்லாம் தன்னால் சரியாகும்.

நீங்கள் அனுப்பிய பில்லையே எடுத்துக்கொள்கிறேன். சிக்கன் ஃபிரைட் ரைஸ் 190, பேக்கிங் 15, அதன் மேல் ஜிஎஸ்டி 10.25, டெலிவரி 35, ஆப் தனக்கென்று எடுத்துக்கொள்ளும் பிளாட்பார்ம் கட்டணம் 14, இந்த இரண்டுக்கும் 18 சதவீதம் ஜிஎஸ்டி 8.82. மொத்தம் 273 ரூபாய். கடைக்கு நேரில் போனால் அதே ஃபிரைட் ரைஸ் 150 என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மீதி 123 ரூபாய், பசியோடு கேபில் உட்கார்ந்திருக்கும்போது கையில் போன் இருந்ததற்கான விலை. பிளாட்பார்ம் கட்டணம் 2023-ல் ஆர்டருக்கு 2 ரூபாய் என்று தொடங்கியது. இன்று பத்தைத் தாண்டிவிட்டது. டெலிவரிக் கட்டணத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 2025 செப்டம்பரில் சேர்ந்தது. ஆப்பின் மெம்பர்ஷிப் எடுத்தால் டெலிவரிக் கட்டணம் போகும், பிளாட்பார்ம் கட்டணம் போகாது. அதோடு, இலவச டெலிவரிக்கான குறைந்தபட்சத் தொகையை எட்ட ஒரு கோக், ஒரு எக்ஸ்ட்ரா முட்டை என்று சேர்ப்போம். இந்த 123 ரூபாயும் அந்த நேரத்தில் பார்சல் கொண்டு வருகிற தம்பியின் கைக்குப் போகிறது என்றாலாவது மனது ஆறும். அதுவும் இல்லை.

சரி, உங்கள் நண்பர் சொல்வது உண்மையா? பாதி உண்மை. ஒரு ஆளுக்கு, தினம் ஒரு குழம்பு, ஒரு பொரியல் என்று வீட்டுச் சமையல் போலச் செய்தால் பணம் மிஞ்சாது. அரைக் கிலோ வெண்டைக்காய் வாங்கி, இரண்டு நாள் சமைத்து, மீதி கவரிலேயே வழவழத்துப் போகும். வீடியோ பார்த்து ஒரு கிரேவிக்கு வாங்கிய கசூரி மேத்தியும் ஃபிரெஷ் கிரீமும் அப்படியே கிடக்கும். அந்தக் கணக்கில் அவர் சொல்வது சரி. ஆனால் உங்களுக்கு வேண்டியது முழுச் சமையல் அல்ல. ரூமுக்கு வந்து, பத்து நிமிடத்தில், ஒரே பாத்திரத்தில் முடிகிற ஒரு வேளைச் சாப்பாடு. அதற்கு நம் வீடுகளில் எப்போதோ வழி செய்து வைத்திருக்கிறார்கள்: பருப்புப் பொடி, இட்லி மிளகாய்ப் பொடி, புளிக்காய்ச்சல், மோர் மிளகாய். எதுவும் சட்டென்று கெடாது, எல்லாம் ஊரிலிருந்து வரும். அம்மாவிடம் கேட்டால் அடுத்த பஸ்ஸிலேயே பார்சல் ஏற்றிவிடுவார்கள், கூச்சப்படாமல் கேளுங்கள்.

இதில் ஒன்றை மட்டும் நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். மூன்று மணிக்கு அடுப்புப் பற்றவைக்கிற தெம்பு யாருக்கும் இருக்காது. உங்களைக் குறை சொல்லவில்லை. ஒன்பது மணி நேரம் ஹெட்செட்டோடு உட்கார்ந்துவிட்டு வருகிறவரிடம் மன உறுதியை எதிர்பார்ப்பதே தவறு. அதனால் சமையலை மதியத்துக்கு மாற்றுங்கள். பகல் பன்னிரண்டு மணிக்கு எழுகிறீர்கள், நாலரைக்குக் கேப். குளிக்கப் போகும் முன் ஒரு டம்ளர் அரிசியைக் குக்கரில் வைத்துவிட்டால் போதும். வெந்த சோற்றை அகலமான தட்டில் பரப்பி ஆறவிட்டு, டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். நம் ஊர் வெக்கையில் சோற்றை வெறுமனே வெளியிலேயே அத்தனை நேரம் விடக் கூடாது.

ராத்திரி வந்ததும் கடாயில் ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய், கடுகு. வெடித்ததும் நறுக்கிய நாலு சின்ன வெங்காயம், ஒரு பச்சை மிளகாய். வெங்காயம் ஓரம் சிவந்ததும் இரண்டு முட்டையை உடைத்து ஊற்றி, உப்பும் மிளகும் போட்டுக் கிளறுங்கள். முட்டை முழுக்க இறுகும் முன்பே சோற்றைக் கொட்டி, கரண்டியின் பின்பக்கத்தால் கட்டியை உடைத்து, சோறு நன்றாகச் சூடேறும் வரை பிரட்டி இறக்கிவிடலாம். முட்டை 14 ரூபாய், அரிசி 7, வெங்காயம், எண்ணெய், கேஸ் எல்லாம் சேர்த்து 15, ஒரு கப் தயிர் 10. ஐம்பது ரூபாயைத் தாண்டாது. இதைச் செய்ய முடிந்தால் உங்களுக்குச் சமைக்கத் தெரியும்.

முட்டை சலித்தால் மாவுப் பாக்கெட் இருக்கிறது. ஒரு கிலோ மாவில் பத்துப் பன்னிரண்டு தோசை வரும், மூன்று பேர் இருக்கிற ரூமில் புளிப்பதற்குள் தீர்ந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மூவருமாகச் சேர்ந்து கொங்குப் பக்கத்து அரிசி பருப்புச் சாதம் செய்து பாருங்கள்: ஒரு டம்ளர் அரிசி, கால் டம்ளர் துவரம் பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, ஒரு தக்காளி, மஞ்சள் தூள், மிளகாய்த் தூள், மூன்றரை டம்ளர் தண்ணீர். எல்லாம் ஒரே குக்கரில், மூன்று விசில். மேலே நெய், தொட்டுக்கொள்ள அப்பளம்.

ஒரே பாத்திரம் என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பேச்சுலர் ரூமில் சமையல் நின்றுபோவது சமைக்கத் தெரியாமல் அல்ல, பாத்திரம் யார் கழுவுவது என்ற சண்டையில். அரிசி, எண்ணெய், முட்டை வாங்குவதற்குப் பொதுவாக ஒரு நோட்டுப் போடுங்கள். பாத்திரம் மட்டும் அவரவர் சாப்பிட்டதை அவரவர் அப்போதே கழுவிவிட வேண்டும்.

ரூமில் ஃபிரிட்ஜ் இல்லை என்றால், கடன் இருக்கிற நேரத்திலும் அதற்குச் செலவு செய்யச் சொல்வேன். பழைய சிங்கிள் டோர் ஒன்றை ஆறாயிரம் ரூபாய் அளவில் தேடுங்கள். மூன்று பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 2,000. ஆர்டர் போடாத பத்துப் பதினைந்து ராத்திரிகளில் அந்தப் பணம் திரும்பிவிடும். கையிலிருக்கும் காசில் வாங்குங்கள். நோ காஸ்ட் இஎம்ஐ என்று அதே கார்டில் வாங்க வேண்டாம். அதுவரைக்கும் மதியச் சோற்றில் ஆறியதும் தண்ணீர் ஊற்றி மூடி வையுங்கள். மூன்று மணிக்குப் பழைய சோறு, கொஞ்சம் மோர், சின்ன வெங்காயம். ஃபிரைட் ரைஸ் சாப்பிட்டுவிட்டு உடனே படுப்பதால் நெஞ்செரிச்சல் என்று எழுதியிருந்தீர்களே, அந்த எண்ணெய்ச் சாப்பாட்டைவிட இது வயிற்றுக்கு லேசாக இருக்கும். எரிச்சல் தொடர்ந்தால் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டே காலம் தள்ளாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

வெளியில் சாப்பிடுவதை அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை. அப்படி நிறுத்தியவர்கள் மூன்றாவது வாரம் மொத்தமாகத் திரும்பிவிடுவார்கள். வாரத்துக்கு இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி நண்பர்களோடு வண்டிக் கடையில் கொத்து பரோட்டாவும் கலக்கியும் சாப்பிடுவது சந்தோஷம். அதற்கான பணம் கணக்கில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். மாதம் 2,000 ரூபாயை முதல் தேதி, யுபிஐ ஆப்பிலேயே இருக்கும் சின்ன பர்ஸான யுபிஐ லைட்டில் ஏற்றிவிடுங்கள். அதில் 5,000 வரை வைத்துக்கொள்ளலாம். வெளிச் சாப்பாட்டுக்கு அதிலிருந்து மட்டும் கொடுங்கள், தீர்ந்தால் அடுத்த மாதம்தான். ஆப்பில் சேமித்து வைத்திருக்கும் கார்டு விவரத்தை இன்றே நீக்குங்கள். உங்களுக்கு ஷிஃப்ட் அலவன்ஸ் வருகிறதா என்று சம்பளச் சீட்டில் பாருங்கள். வந்தால் அது ராத்திரி கண்விழிப்பதற்குத் தருகிற காசு, ராத்திரிச் சாப்பாட்டுக்கே போகட்டும். ஆபீசில் இரவு கேன்டீன் உண்டா, சலுகை விலையில் சாப்பாடு உண்டா என்றும் ஹெச்ஆரிடம் கேளுங்கள்.

இப்போது கணக்கு. மிச்சமாகும் 13,500-ல் வெளிச் சாப்பாடு 2,000, மளிகை, முட்டை, மாவு, தயிருக்கு 1,500, வார இறுதிச் செலவு 2,000. மீதி 8,000 கார்டுக்கு. இப்போது கட்டுவதைவிட 1,000 குறைவாகத் தெரியும். ஆனால் கார்டில் புதிதாக எதுவும் ஏறாது என்பதால் முதல் மாதமே பாக்கி 40,000-த்துக்குக் கீழே வரும், ஏழாவது மாதம் தீர்ந்துவிடும். கார்டை வீட்டில் வைத்துவிடுங்கள். பெட்ரோலுக்குக்கூட வேண்டாம். வங்கியில் கேட்டு, குறைந்த வட்டியில் பர்சனல் லோனாகவோ இஎம்ஐயாகவோ பாக்கியை மாற்ற முடிந்தால் இன்னும் சீக்கிரம் முடியும். பிராசசிங் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். மாற்றிய பிறகு காலியான கார்டில் மறுபடி செலவு செய்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தச் சந்தேகம் உங்களுக்கு உங்கள் மீதே இருந்தால் மாற்ற வேண்டாம்.

கடன் தீர்ந்த பிறகு மாதம் 8,000 உங்கள் கையில் நிற்கும். உடனே எல்லாவற்றையும் ஃபண்டில் போடாமல், ஓராண்டுக்கு வங்கி ஆர்டியில், அதாவது மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பில் போட்டு 96,000 ரூபாய் சேர்த்துவிடுங்கள். வேலை போனாலும் வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனாலும் கார்டைத் தேட வேண்டியிருக்காது. அதற்குப் பிறகு 5,000 ரூபாய் எஸ்ஐபி, ஐம்பது பெரிய கம்பெனிகளின் பங்குகளில் போடும் நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்ட் ஒன்று, ஏஜென்ட் கமிஷன் இல்லாத டைரக்ட் பிளான். தொடக்கத்துக்கு அது போதும், நாலைந்து ஃபண்ட் தேவையில்லை.

கடைசியாக, கார்டுக்குக் கட்ட வேண்டிய பணத்தைக் கெடு தேதி வரை வைத்திருக்காதீர்கள். பாக்கி இருக்கும் கார்டில் வட்டி தினக் கணக்கு. சம்பளம் ஏறிய அன்றே 8,000-த்தைக் கட்டிவிட்டு, அப்புறம் மளிகைக் கடைக்குப் போங்கள்.